கேரம் போர்டு சுவரில் சாய்ந்திருந்த மாதங்கள்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், சிலது மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், வீட்டில்தான் இருக்கிறான். பேத்திக்கு வீடியோ கேம் எப்போது வாங்குவது என்று நேற்று பேச்சு வந்தது.

"படகு கடலுக்குப் போவட்டும்யா, அப்பால வாங்கிக்கலாம்" என்று மருமகள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே சொன்னாள். அந்த வாசனையில் எனக்கு எங்கள் கேரம் போர்டு ஞாபகம் வந்துவிட்டது.

என் நைனா கட்டுமரத்தில் போனவர். அம்மாவும் இப்படித்தான், மீன் நன்றாகப் படுகிற மாதமாகப் பார்த்து அதை வாங்கினாள். பலகையில் முகப் பவுடரைத் தூவி நானும் அக்காவும் உட்கார்ந்தோம். இருட்டோடு கடலுக்குப் போய் வந்த நைனா பக்கத்தில் படுத்திருந்தார். முதல் காய் டொக்கென்று மோதியதுமே அம்மா வந்துவிட்டாள்.

"இன்னாடி சத்தம்? மன்சன் தூங்கினுகீறாரு."

பலகை சுவரோடு சாய்ந்தது. புயல் மாதத்தில் கட்டுமரம் கரையேறிய பிறகு நைனாவே எங்களோடு ஆட அதை எடுத்துப் போட்டார். அதற்குள் பலகை வளைந்து, எந்தக் காயை அடித்தாலும் ஒரே மூலைக்கு ஓடியது.

நான் அதிகம் பேசமாட்டேன். நேற்று மகனைப் பார்த்துப் பேசினேன். "இப்பவே வாங்கினு வா. நீ கடலுக்குப் போய்ட்டா புள்ள யாரோட ஆடும்?"

"உங்க புள்ள ஆடறதுக்கு நீங்களே சிபாரிசா அத்தே?" என்று மருமகள் சிரித்தாள். இன்று மூன்று பேரும் கடைக்குப் போயிருக்கிறார்கள்.

அந்தப் புயல் மாதம் ஐப்பசியா கார்த்திகையா என்று மட்டும் யாராவது என் அக்காவைக் கேட்டுத் திருத்திவிடுங்கள். மற்றதெல்லாம் சரிதான்.