பச்சை முகம் செய்த காரியம்

புதுமனை புகுவிழாவுக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டார் என் மச்சான். அன்றிலிருந்து மூன்று வருடமாக என் மனைவி தன் அண்ணனோடு பேசவில்லை. நானும் பேசக் கூடாது என்று உத்தரவு. நானோ ஞாயிறுதோறும் ஓரிக்கைப் பாலாற்றங்கரையில் அவரைத் திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் காஞ்சிபுரத்தில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனோம். ஒரு படத்தின் முன் மனைவி நின்றுவிட்டாள். ஆறு சிவப்பாக ஓடியது. நீல மரத்தடியில் பச்சை முகத்தோடு இரண்டு பேர் கைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முகம் யாருடையதோ, தொப்பை சந்தேகமில்லாமல் என்னுடையது.

"இன்னாங்க இது?" என்றாள் மனைவி.

"மன்னிச்சுடும்மா. வாரா வாரம் போய்க்கினு இருக்கறது நெசந்தான். உங்க அண்ணன் பாவம்மா, தனியா உக்காந்துக்கினு இருக்காரு."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "மரம் ஏன் நீலமா இருக்குதுன்னு கேட்டேன்."

பக்கத்தில் நின்ற, படத்தை வரைந்த அம்மா, "இது திருமுக்கூடல் ஆத்தங்கரையில நான் பார்த்த ஆளுங்க சார்" என்றார் பணிவாக.

மனைவி வண்டி நிறுத்துமிடத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். நான் என் கடைசி நாளை எண்ணிக்கொண்டே பின்னால் போனேன்.

"அண்ணனுக்கு முட்டிவலி எப்படி இருக்குது?" என்றாள்.

அடுத்த ஞாயிறு பாலாற்றங்கரையில் அண்ணனை ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தைரியசாலியாக இருந்திருந்தால் முதல் வருடமே அவளிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். எனக்கு ஒழுங்காகப் பயந்து உளறவே மூன்று வருடம் ஆகியிருக்கிறது.