அரைக்கால் பங்கு அண்ணன்

1. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டது.
2. மாலைக்குள் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைப்பது கடினம் என்றார் டாக்டரம்மா.
3. கறம்பக்குடி பஸ்ஸில் உறவினர் பதினோரு பேர் அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள்.
4. ரத்தம் எடுக்கும் ஊசியைக் காட்டினேன். எட்டுப் பேருக்கு உடனே டீ குடிக்க வேண்டியிருந்தது.

புதுக்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன் நான்தான். பயிற்சியில் பரம்பரை பற்றிப் படித்திருந்தேன்: உடன்பிறந்தவர்களுக்குள் மரபணுவில் பாதி பொது, தாய்மாமனோடு கால், பெரியப்பா மகனோடு அரைக்கால். பங்கு பெரிதாக உள்ளவர்தான் முதலில் கை நீட்டுவார் என்று நம்பி, அந்த வரிசையில் பட்டியல் எழுதினேன்.

நான் பாதி, என் குரூப் சேரவில்லை. அக்காவின் கணவர் எங்கள் தாய்மாமனே. கால் பங்கும் உண்டு, தாலி கட்டிய கடமையும் உண்டு. உடனே கை நீட்டினார், அவருடையதும் சேரவில்லை. கூடப்பிறந்த அண்ணனுடையது சேர்ந்தது. "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்" என்று சொல்லிக்கொண்டே மேசையில் படுத்தார். சதை நன்றாகவே ஆடியது. ஸ்பிரிட் பஞ்சு கையில் பட்டதும் மயங்கிவிட்டார். இவர் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டரம்மா.

மணி மூன்று. மாமா அக்காவின் கட்டிலுக்கும் என் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். அப்போது ஜெகதாப்பட்டினத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன் வாசலில் வந்து நின்றார். அக்கா கல்யாணத்திலிருந்து அவர் எங்களோடு பேசுவதில்லை. பங்காளி வீட்டை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும். அழைப்புப் பட்டியல் போட்டவள் நான். பத்து மைலுக்குள் நேரில், அதற்கு மேல் தபாலில். அவ்வளவு ஒழுங்கு.

வந்தவர் சட்டைக் கையை மடித்தார். குரூப் சேர்ந்தது, அக்காவின் ரத்தத்தோடு கலந்து பார்த்ததிலும் குறையில்லை. மேசையில் படுத்தவர், என்னைப் பார்க்காமல் பாட்டில் ஸ்டாண்டிடம் பேசினார்.

"கல்யாணத்துக்குக் கார்டு போட்டவுக, ரத்தத்துக்கும் ஒரு கார்டு போட்டுருக்கலாம்ல?"

நானும் ஸ்டாண்டிடமே சொன்னேன்: "கூப்பிடாமலே வந்துட்டாகளே, அது எப்படின்னு கேளு."

"நல்லதுக்குச் சொன்னாத்தான் வருவோம், கெட்டதுக்குச் சொல்லாமலே வருவோம்னு அந்தப் புள்ளைக்குச் சொல்லு. அப்படியே கொஞ்சம் மெதுவாக் குத்தவும் சொல்லு."

மெதுவாகத்தான் குத்தினேன். பாட்டில் நிறையும்வரை அவர் கையை நான் விடவில்லை. அரைக்கால் பங்கு என்று எழுதியிருந்த தாளை மறுகையால் கசக்கினேன். ஐந்து மணிக்கு அக்கா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். டீ குடிக்கப் போனவர்களும் அப்போதுதான் திரும்பினார்கள்.

அக்காவும் குழந்தையும் நலம். அடுத்த மாதம் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், அதாவது என் அண்ணன், ஊசி தனக்கில்லையே என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். மாமாவும் நானும் வெற்றிலைத் தட்டோடு பஸ் ஏறி ஜெகதாப்பட்டினம் போய்வந்தோம். வருவதாகக் கடைத் தராசிடம் சொல்லியிருக்கிறார்.