நடுச்சுவரும் ஐம்பது வாட்டும்

அந்த ஆம்பை, கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, இசைக்காக மட்டுமே வாங்கினேன் என்று சொன்னால் பொய். பாதி இசைக்காக, பாதி அண்ணாவுக்காக.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு. அப்பா போன பிறகு வீட்டை ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களிடம் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணா. முடியாது என்றேன் தங்கை நான். வக்கீல், அமீன் என்று எல்லாம் ஆகிக் கூடத்தின் நடுவில் ஒரு செங்கல் சுவர் எழும்பியது. பாகம் பிரிக்கிறவர்கள் தரையைப் பிரித்துவிடுவார்கள், கிணற்றைக்கூட முறை வைத்துப் பிரித்துவிடுவார்கள். ஓட்டுக் கூரையைப் பிரிக்கத்தான் வழியில்லை. அதனால் சுவர் எட்டடியோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே உத்தரம் வரை திறந்த வெளி. அண்ணா தும்மினால் எனக்குக் கேட்கும். மன்னி மிளகாய் தாளித்தால் எனக்கு இருமல் வரும். இப்படி ஐந்து வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அண்ணாவுக்கு வாய். என்னிடம் நேராகப் பேசமாட்டார், கூரையைப் பார்த்துப் பேசுவார். "இந்த ஆத்துல மனுஷாளும் இருக்கா, கேட்டுதோ!" என்பார். நான் கிடாரை மீட்டிப் பதில் சொல்வேன். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. காலையில் கொச்சங்காடியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. மதியம் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தால் எனக்கென்று இருப்பது கிடார் ஒன்றுதான்.

ஆம்பைக் கட்டிக்கொடுத்தது தேவராவில் இருக்கும் ஒரு மெக்கானிக் சேட்டன். கப்பல் ரேடியோக்களில் கைபழகியவர். அறுபது வருஷத்துக்கு முந்தைய மாதிரியில், பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வு வைத்துக் கட்டுவார். ஐம்பது வாட். முன்னால் சத்தத்துக்கு ஒரே ஒரு திருகு. கீழே நான்கு ஸ்பீக்கர் அடங்கிய, இடுப்பளவு உயரப் பெட்டி. "இது ஸ்டேஜினுள்ளதா சேச்சீ, வீட்டினுள்ளதல்ல" என்று, இது மேடைக்கானது, வீட்டுக்கு ஆகாது என்று முதல் நாளே சொன்னார். திருகை மூன்றில் வைத்தால் அது வெறும் ரேடியோ. ஆறைத் தாண்டினால்தான் வால்வுகள் திணறி, அந்தத் திணறலில் ஒரு கரகரப்பு வரும், அதற்காகத்தான் உலகத்தில் மனிதர்கள் இன்னும் வால்வு ஆம்ப் வாங்குகிறார்கள். ஆனால் ஆறில் எங்கள் வீட்டு ஓடு அதிரும். அலமாரியில் டம்ளர் நகரும்.

அடக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது என்றும் சேட்டன் சொன்னார். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு பெட்டி. ஆம்ப் முழு மூச்சில் ஓடும், அதன் சக்தியில் பெரும் பங்கை அந்தப் பெட்டி சூடாக்கித் தின்றுவிடும், மிச்சம் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். அதே கரகரப்பு, பேச்சுக் குரல் அளவில். புலியை வாங்கிப் பூனையாக்குவதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு முறை உண்டாகிவிட்டது. நான் வாசிக்க ஆரம்பிப்பேன். அண்ணா சுவரில் தட்டுவார். அவர் தட்டினால் நான் திருகை ஒரு எண் கூட்டுவேன். மறுபடி தட்டினால் இன்னும் ஒன்று. எட்டுக்கு மேல் அவரும் தட்டுவதில்லை, நானும் கூட்டுவதில்லை. தெருப் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும்போது மட்டும் ஆம்பின் ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போட்டு நிறுத்திவைப்பேன். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், டிவியைக்கூடக் குறைத்துவிடுவார்கள். பாங்குக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசி கூடப் பிறந்தவருக்குக் கொடுத்திருக்கலாம்.

அன்று மன்னி காலையிலேயே திருப்பூணித்துறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அண்ணா தனியாக இருப்பது எனக்குத் தெரியும். மூன்றே முக்காலுக்குப் பாங்கு முடிந்தது. சுவிட்சைத் தள்ளி கிடாரை முதல் தடவை மீட்டியதும் கூரை வழியாகக் குரல் வந்தது.

"செத்த நேரம் சும்மா கிடந்தா என்னவாம்!"

திருத்தமான, திடமான குரல். சிரித்துக்கொண்டு ஐந்திலிருந்து ஆறுக்குத் திருகினேன். சில நிமிஷம் கழித்துச் சுவரில் தட்டுச் சத்தம். ஏழு. மறுபடி தட்டு. எட்டு. அன்று தட்டு நிற்கவில்லை. எட்டிலும் தட்டினார். முறை தெரியாத மனுஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதுக்குப் போனேன். அதற்கப்புறம் எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

நாலு இருபத்தைந்துக்குக் கரண்ட் போனது.

வால்வு ஆம்ப் கரண்ட் போனதும் சட்டென்று நிற்காது. உள்ளே தேங்கிய மின்சாரம் தீரும் வரை சில நொடி பாடிக்கொண்டே தேயும். நான் பிடித்திருந்த சுரம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. அது மறைந்த இடத்தில் தட்டுச் சத்தம் இருந்தது. அடித்து, இடைவெளி விட்டு, மறுபடி அடித்து. வழக்கமாகத் தோள் உயரத்தில் வரும் சத்தம், அன்று தரையோடு வந்தது.

"அண்ணா?" என்றேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தையாக இல்லை.

வாசல் பக்கம் ஓடினேன். அவர் பக்கத்துக் கதவு உள்ளே தாழ். பழைய தேக்குக் கதவு, நான் மோதினால் என் தோள்தான் போகும். திரும்ப ஓடி வந்தேன். கொதிக்கிற ஆம்பைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன், கை சுட்டது. ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரோடு தள்ளினேன். அதன் மேல் ஒரு ஸ்டூல். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஏறத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. சுவரின் தலையைப் பிடித்து வயிற்றால் உரசி ஏறி, அந்தப் பக்கம் மன்னியின் பீரோ மேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு விழுந்தேன்.

அண்ணா சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக் கிடந்தது, அதை எடுக்கக்கூட அவரால் முடியவில்லை. இடது கையில் பித்தளை டம்ளர். சுவரில் ஒரு கை அளவுக்குக் காரை பெயர்ந்திருந்தது. என்னைப் பார்த்த பிறகும் அந்தக் கை ஒரு தடவை தட்டியது.

தாழைத் திறந்து கத்தினேன். எதிர்க் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாலு பேர் ஓடி வந்து அவரைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள், ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள். அதற்குள் சேதி தெரிந்து மன்னி பட்டுப்புடவையோடு நேரே அங்கே வந்து சேர்ந்தாள். டாக்டர் வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?

மூளையில் அடைப்பு. கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் ஆரம்பித்துச் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும், நேரம் தாண்டிப் போட்டால் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். யாராவது அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரம் வேண்டும் என்றார்.

"நான் காலம்பர ஏழரைக்கு இறங்கினேன்" என்றாள் மன்னி. "அதுக்கப்புறம் போன்கூடப் பண்ணலை."

ஏழரை என்றால் ஊசி கிடையாது. டாக்டர் முகத்திலேயே தெரிந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கரண்ட் போனது, சத்தம் கேட்டது, ஏறிக் குதித்தேன், அதோடு நான் நல்லவள். அப்படி ஒரு நொடி நான் கணக்குப் போட்டேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"மூணே முக்காலுக்குப் பேசினார்" என்றேன். "பாங்கு முடிஞ்ச உடனே. வார்த்தை சுத்தமா இருந்தது."

"அதுக்கப்புறம்?"

"அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சுவத்துல தட்ட ஆரம்பிச்சார்."

"தட்டினதைக் கேட்டேளா? பின்னே ஏன் நாலரை வரைக்கும்..." டாக்டரும் எங்களை மாதிரிப் பாலக்காட்டுப் பக்கம்போல. அவர் கேள்வியை முடிக்கவில்லை. மன்னி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சண்டைக்குத் தட்டறார்னு நினைச்சேன். சத்தத்தைக் கூட்டினேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினார். ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரி நடையில் மன்னியும் நானும் இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணா பிழைத்தார். கால் சீக்கிரம் திரும்பியது, கை மெதுவாக. பேச்சுத்தான் போக்குக் காட்டியது. வீட்டுக்கு வந்த பிறகு தினமும் நான் அந்தப் பக்கம் போய்க் கஞ்சி கொடுத்தேன், கையைப் பிடித்து விரல்களை நீட்டி மடக்கினேன். மன்னி பத்து நாள் கழித்து அடுக்களையில் வைத்துச் சொன்னாள்: "அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். அது ஒன் காரியம்."

அதிலிருந்து ஆரம்பித்தது என் பயம். முதலில் 'தண்ணி' திரும்பி வந்தது. பிறகு, போதும் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'மதி', பிறகு மன்னியின் பெயர். ஒவ்வொரு வார்த்தையாக அவருக்குத் திரும்பி வர வர நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். என்றாவது ஒரு நாள் அந்தக் கேள்விக்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். அவர் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் மெதுவாகக் குணமாகட்டும் என்றும் நினைத்தேன்.

ஆம்ப் கட்டிலிலேயே கிடந்தது. மழைக்கால ஈரத்தில் சும்மா வைத்தால் வால்வு கால்களில் பச்சைக் களிம்பு பூக்கும். விற்றுவிடலாம் என்று தேவராவுக்குக் கொண்டுபோனேன். சேட்டன் முழுக்கதையையும் கேட்டார். அன்று நான் கிண்டல் செய்த அந்த நடுப்பெட்டியை எடுத்து வைத்தார். எந்தக் கம்பி எங்கே என்று மூன்று தடவை என் கையாலேயே மாட்டச் சொன்னார். தப்பாக மாட்டி ஸ்பீக்கரும் பெட்டியும் இல்லாமல் ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

வீட்டில் அதை மாட்டிவிட்டு மன்னியைக் கூப்பிட்டேன். "நீ அந்தப் பக்கம் போய்த் தரையில உக்காந்து தட்டு. மெள்ளத் தட்டு" என்றேன். ஆம்ப் ஏழில் ஓடியது. பெட்டியின் திருகை ஒவ்வொரு படியாக இறக்கினேன். தட்டுவது கேட்கவில்லை. இறக்கினேன். கேட்டது, ஆனால் கிடாரை நிறுத்தினால்தான். இன்னும் இறக்கினேன். கடைசியில் முழுக் கரகரப்போடு வாசிக்கும்போதே, விரல் முட்டியால் தரையோரம் தட்டியது தெளிவாகக் கேட்டது. அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். மன்னி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மதி, கை நோவறது" என்றாள். அன்றுதான் அவள் குரல் பழையபடி இருந்தது.

ஒரு மாதம் கழிந்து ஒரு மத்தியானம். அண்ணாவின் விரல்களை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு... நான் தட்டினது... ஒனக்குக் கேட்டுதோ?"

ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. அது வாயில் வரவில்லை. "கேட்டுது அண்ணா" என்றேன். "கேட்டும் வரலை."

"தெரியும்" என்றார். அடுத்த வார்த்தையைத் தேடிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையை விடவில்லை, விட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

"சத்தம் கூடித்தே. நீ ஆத்துல இருக்கே, நான் தட்டறது ஒனக்குக் கேக்கறதுன்னு... அப்பத்தான் எனக்கு நிச்சயமாச்சு. வருவாள்னு நினைச்சுத் தட்டிண்டே இருந்தேன்."