பிரிச்சா போச்சு

பையின் வாயை ஒட்டி, ஒட்டின் மேல் கட்டைவிரலை இரண்டு தரம் ஓட்டி, பையைத் தலைகீழாகப் பிடித்து ஓர் உதறு உதறிப் பார்த்த பிறகுதான் சீல் அக்கா அதைப் பயணியின் கையில் கொடுக்கிறார். கூடவே ஒரு விசாரணை. "நடுவுல எங்கயாவது பிளேன் மாறுறீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் லேசில் விடமாட்டார். "அப்ப வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இதத் தொடாதீங்க. பிரிச்சா போச்சு."

விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில், சென்ட்டும் மதுவும் விற்கும் மேசை அவருடையது. எதிரில் காபி ஊற்றும் மேசை என்னுடையது. எனக்குக் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அவர்தான் பொழுதுபோக்கு.

அவர் சொல்வதில் தப்பில்லை. கையோடு கொண்டுபோகும் திரவம் எதுவானாலும் பாட்டில் நூறு மில்லியைத் தாண்டக் கூடாது. பாட்டில் பெரிதாக இருந்து, அடியில் நாலு சொட்டு மட்டும் இருந்தாலும் ஆகாது. கடையில் வாங்கியதற்குத்தான் சலுகை. அதற்கும் ரசீது உள்ளே தெரிய வேண்டும், பை ஒட்டியது ஒட்டியபடி இருக்க வேண்டும். வழியில் இறங்கி வேறு விமானம் ஏறுகிறவர் ஆசைப்பட்டுப் பிரித்துவிட்டால், அங்கே மறுபடி சோதனை, பாட்டில் குப்பைக்கு. சில ஊர்களில் ஒட்டிய பையையே ஏற்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊர் வழியாகப் போகிறவர் என்று தெரிந்தால் அக்கா விற்கவே மாட்டார். "கடைசியா இறங்குற ஊர்லயும் கடை இருக்கும், அங்க வாங்கிக்குங்க" என்று பாட்டிலைக் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்.

இவ்வளவு அக்கறைக்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வருவதற்கு முன் அவர் பாதுகாப்புச் சோதனையில் வேலை பார்த்தவர். வருடக்கணக்காக அடுத்தவர் பையைக் கிளறி ஷாம்புவையும் தேனையும் எடுத்துத் தொட்டியில் போட்டவர். நின்று நின்று முழங்கால் போனதும் கடைக்கு வந்துவிட்டார். "அந்தப் பக்கம் நின்னு புடுங்கினேன், இந்தப் பக்கம் ஒக்காந்து விக்கிறேன்" என்பார். ஆனால் கை பழசை மறக்கவில்லை. கடைக்கு வந்த முதல் நாள், ஒருவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்து மேசையில் வைத்த மது பாட்டிலை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே குப்பைக்கூடைக்குள் போட்டுவிட்டார். கூடையில் வெறும் காகிதம் இருந்ததால் பாட்டில் பிழைத்தது, வேலையும் பிழைத்தது.

வீட்டிலும் இதே கதைதான். பேருந்து ஓட்டும் கணவர் ரொட்டிக்கு ஜாம் எடுத்தால், அது திடமா திரவமா என்று வழக்கு ஆரம்பித்துவிடும். "சாய்ச்சா வழியுதா? அப்ப திரவம்." மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பியபோது பற்பசையைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டாராம். அவள் போனது பேருந்தில், அதுவும் அப்பா ஓட்டிய பேருந்தில்.

சோதனைக் காலத்துக் கதைகளில் எனக்குப் பிடித்தது, முகக் கிரீமை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் டப்பா முழுவதையும் அங்கேயே முகம், கை, கழுத்தெல்லாம் பூசிக்கொண்டு பளபளவென்று விமானம் ஏறிய ஒரு பெரிய மனிதரின் கதை. சொல்லும்போதே அக்காவுக்கு மூச்சு வாங்கும், அப்படிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் குரல் இறங்கிவிடும். "எல்லாரும் சண்டை போடமாட்டாங்க தம்பி. சில பேர் பேசாம பாத்துக்கிட்டே நிப்பாங்க. வாங்கும்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஊர் கேட்கும், கடை கேட்குமா? விசாரணையில் மிரண்டு பாட்டிலை வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள் பெருகினார்கள். போன வாரம் மேலாளர் கூப்பிட்டு, தன்மையாகத்தான், சொல்லிவிட்டார்: இனிமேல் பயணியிடம் கேள்வி கிடையாது, புத்திமதி கிடையாது. பில்லைப் போடு, பையை ஒட்டு, நன்றி சொல். மீறினால் குடோன். அக்கா அன்று என் காபியை ஆறவிட்டார். "அட்டைப் பெட்டிகிட்ட என்ன தம்பி பேசுறது?" என்றார். எனக்கும் அவர் இல்லாத அந்த மேசையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் மேலாளர் மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். கட்டட வேலை பார்த்துக் காய்த்துப்போன கைகளோடு ஒருவர் வந்தார். சட்டைப் பையில் இரண்டு போர்டிங் பாஸ், நடுவில் பிளேன் மாறுகிறவர். கையில் பெரிய சென்ட் பாட்டில். வீட்டுக்காரிக்கு முதல்முதலாக வாங்குகிறாராம், ரொம்ப வருடம் கழித்து ஊர் போகிறாராம். யாரும் கேட்காமலே சொன்னார். "பெட்டி அழகா இருந்துச்சுன்னு எடுத்துட்டேங்க. எப்படி மணக்கும்னே தெரியல. பிளேன்ல ஏறுனதும் பிரிச்சு ஒரு தடவை மோந்து பாத்துக்குறேன்."

அக்கா வாயைத் திறந்தார். மேலாளர் தொண்டையைச் செருமினார். அக்கா வாயை மூடிக்கொண்டார். இரண்டு பாஸையும் வாங்கிப் பார்த்தார், பில் போட்டார், பையை ஒட்டினார், நன்றி சொன்னார். அவ்வளவுதான், தோற்றுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

அந்த மனிதர் பையை எடுக்கக் கை நீட்டினார். அக்கா பையைக் கொடுக்காமல், அவர் தோளில் கிடந்த கைக்குட்டையைக் காட்டிக் கேட்டு வாங்கினார். வருகிறவர்கள் முகர்ந்து பார்ப்பதற்கென்று மேசையில் திறந்து வைத்திருக்கும் அதே சென்ட்டை எடுத்து, அதில் நாலைந்து தரம் அடித்தார். எனக்கே இந்தப் பக்கம் மணந்தது. கைக்குட்டையைச் சின்னதாக மடித்து அவருடைய உள்ளங்கையில் வைத்து, காய்த்துப்போன அந்த விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.