ஒடிந்த கையும் சிவில் கேஸா?

2008-இல் சிதம்பரத்தில் நான் புது வக்கீல். பிச்சாவரம் பக்கமிருந்து செல்வி என்ற பெண் நிலப் பத்திரத்தோடு வந்தார். வேலித் தகராறில் கொழுந்தன் கட்டையால் அடித்துவிட்டானாம். போலீசில், “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ” என்று விரட்டிவிட்டார்களாம்.

பத்திரத்தை மட்டும் புரட்டிய நானும், “ஆமாம்மா, சிவில் கேஸ்தான்” என்றேன்.

அவர் முந்தானையை விலக்கி மாவுக்கட்டைக் காட்டினார். “நெலம் சிவிலு, சரி. ஒடிஞ்ச கையும் சிவிலா சார்? அவுங்கதான் அப்பிடி சொன்னாங்கன்னா, சட்டம் படிச்ச நீங்களுமா?”

எனக்குச் சுரீரென்றது. உடனே அவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அடித்தது கிரிமினல் குற்றம் என்று வாதாடி, எஃப்.ஐ.ஆர். நகல் அவர் கைக்கு வரும்வரை நகரவில்லை.

சட்டத்தை சிவில், கிரிமினல் என்று பிரித்து வைத்திருப்பது வழிகாட்டத்தான். அதைச் சொல்லியே ஏழைகளை விரட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்றும் கொதிக்கிறது. அன்று அவர்களில் நானும் ஒருவன்.