வண்டியை விற்பதாக இல்லை

போன வெள்ளிக்கிழமை என் மூத்தார் என் காரில் ஏறி உட்கார்ந்தார்.

இதில் என்ன செய்தி இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். பொன்னேரியில் நெல் மண்டி வைத்திருக்கிறார். பெண் ஓட்டுகிற வண்டியில் ஏறுவதைவிட மாட்டு வண்டியில் மூட்டையோடு மூட்டையாகப் போவேன் என்று ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் முன்னால், என் காதில் விழும்படி சொன்னவர்.

அப்படிப்பட்டவர் ஏன் ஏறினார்? என் கார் தோற்பதைக் கண்ணால் பார்க்கத்தான்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் காரைத் தெரியும். ஊருக்குக் கிளம்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன கறுப்பு வண்டி. அதில் ஒரு விசேஷம் உண்டு. வலது பக்கத்துச் சக்கரங்களின் நட்டுகளை எல்லாரும் போல வலப்பக்கம் சுற்றி இறுக்க வேண்டும். இடது பக்கத்து நட்டுகள் எதிர்த் திருகு... இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். இது தெரியாமல் பலத்தைக் காட்டிய பஞ்சர் கடைக்காரர்கள் போல்ட்டையே முறித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதனால் டிக்கி மூடியின் உள்பக்கம் சிவப்பு பெயின்டில் பெரிதாக எழுதிவைத்தேன்: 'இடது சக்கரம் — எதிர்ப்பக்கம் சுற்றவும்.' எங்கள் வீட்டில் சமையல்காரம்மாவுக்குக்கூட இது மனப்பாடம்.

சித்திரையில் ஒரு நாள், தச்சூர் கூட்டு ரோட்டில், இடது முன் சக்கரம் கழன்று எனக்கு முன்னால் ஓடியது. இளநீர்க் கடையில் போய்ச் சாய்ந்தது. நட்டுகள் மேல் குற்றமில்லை. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பே உள்ளே தேய்ந்து, பேரிங் பொடிந்துபோயிருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி நெல் மண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூத்தார் சாயங்காலமே வந்தார். காபியைக்கூட ஆற விடவில்லை.

"இந்தாம்மா, சொல்றேன்னு கோச்சிக்காத. வண்டிய வித்துடு. வாங்கறதுக்கு ஆளு ரெடியா கீறான். இந்த பேஜாரெல்லாம் உட்டுட்டு, ஊட்டாண்ட வர்ற கேசப் பாத்துக்கினு இரு. போதும்."

அவர் விற்கச் சொன்னது காரை அல்ல. என் திருவள்ளூர் கோர்ட்டை.

பொன்னேரியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. மெட்ராஸ் வரை போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மேற்கே வர வேண்டும். நான் போய்ச் சேரும்போது கேஸைக் கூப்பிட்டு, ஆளில்லை என்று தள்ளிவைத்து, எதிர்த்தரப்பு வக்கீல் டீ குடித்துக்கொண்டிருப்பார். பஸ்ஸை நம்பினாலும் ஏறக்குறைய அதே கதைதான். கார் இருப்பதால்தான் எனக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. இது மூத்தாருக்குத் தெரியாதா என்ன?

வக்கீல் செய்வதைத்தான் செய்தேன். வாய்தா கேட்டேன்.

"ரிப்பேர் பண்ணிடறேன் மாமா. அதுக்கப்புறமும் முன் சக்கரம் ஆடிச்சுன்னா, சாவியை நானே கொண்டாந்து தர்றேன்."

"பேச்சு மாறக் கூடாது," என்றார்.

புதுவாயலில் டேவிட் என்று ஒரு லாரி மெக்கானிக். கை வேலை செய்வதைவிட அதிகமாக வாய் வேலை செய்யும். ஆனால் கையும் நிற்காது. காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"வக்கீலம்மா, பழசுக்குப் பழசையே மாட்டி இன்னா பிரயோஜனம்? இதே வண்டில பின்னால வந்த மாடலு ஹப்பு நல்லா கெட்டியா இருக்கும். அத்தோட முன்னாடி ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பர் எல்லாத்தையும் மாத்திக்கினா, இந்த ரோடு உன்ன ஒண்ணும் பண்ணாது."

"இந்த வண்டிக்குச் சேருமா?"

"சேரலன்னா வெட்டி ஒட்டிக்கலாம். வண்டி இன்னா கேசா போடப் போவுது?"

மெட்ராஸ் புதுப்பேட்டையில், விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியின் முன்பகுதி முழுசாகக் கிடைத்தது. என் வீட்டுக்காரர் கார் ஓட்ட மாட்டார். ஆனால் காருக்காக எதையும் தூக்குவார். ஹப்புகளைக் கோணியில் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு பழவேற்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா கோணியைத் தட்டிப் பார்த்து, "இன்னா மீனு சார் இது, இம்மாங் கனம் கனக்குது?" என்று கேட்டாளாம். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

டேவிட் வெட்டினார், ஒட்டினார், திட்டினார், மாட்டினார். வேலை முடிந்ததும் என்னிடம் ஒன்று சொன்னார். முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் இனி ஒரே திருகுதான், இடது பக்கத்துக்கு எதிர்த் திருகு கிடையாது. சரி என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் முன்சக்கர நட்டுகளை என் கையாலேயே இறுக்கிப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இருந்தது.

விடிந்தால் ஆடி வெள்ளி. மூத்தார் விபூதியும் எலுமிச்சம்பழமுமாக வந்துவிட்டார்.

"பெரியபாளையம் வரைக்கும் வரேன். அம்மனப் பாத்தா மாதிரியும் ஆச்சு, உன் வண்டியப் பாத்தா மாதிரியும் ஆச்சு."

நான் உள்ளே கேஸ் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவரே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். என் வீட்டுக்காரரும் கூட ஏறிக்கொண்டார். நான் வந்து வண்டியை எடுத்தேன். பழம் நசுங்கியது. கிளம்பினோம்.

தச்சூர் தாண்டியது. பெரியபாளையம் ரோட்டில் பொங்கல் பானையும் கோழியுமாகக் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டிகள். பள்ளங்கள் வந்தன, போயின. பழைய சஸ்பென்ஷனாக இருந்தால் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் கையெழுத்துப் போட்டிருக்கும். நான் கொஞ்சம் தலை நிமிர்ந்து ஓட்டினேன்... அப்போதுதான் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது.

"ஆடுது," என்றார் மூத்தார் பின் சீட்டிலிருந்து. அந்தக் குரலில் இருந்த திருப்தியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

புளிய மரத்தடியில் நிறுத்தினேன். இடது முன் சக்கரத்தின் மூடியைக் கழற்றினேன். நட்டுகள் என் விரலுக்கே சுற்றின. பயந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். சக்கரத்தை நினைத்து அல்ல, திருவள்ளூரை நினைத்து.

பிறகு கோர்ட் புத்தி விழித்துக்கொண்டது. ஒரு நட்டு தளர்ந்திருந்தால் கவனக்குறைவு. எல்லா நட்டும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தால்? அது ஒரு கை செய்த வேலை. மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தேன். அசையவில்லை.

"மாமா, காலையில பழம் வெச்சப்போ சக்கரத்துல ஏதாவது கை வெச்சீங்களா?"

"வைக்காம? அந்த லாரிக்காரன எவன் நம்புவான்? டிக்கிலேர்ந்து ஸ்பானர எடுத்து, நாலு சக்கரத்தையும் ஒரு தபா நல்லா இறுக்கிட்டேன்."

"இடது பக்கத்தை எந்தப் பக்கமா சுத்தினீங்க?"

"எதிர்ப்பக்கம்தான். நீதான் டிக்கில அம்மாம் பெருசா எழுதி வெச்சிக்கீறியே. எனக்குப் படிக்கத் தெரியாதா இன்னா?"

என் வீட்டுக்காரர் இருமினார். அது இருமல் இல்லை.

பின் சக்கரத்துக்கு அது இன்றைக்கும் சரி, முன் சக்கரத்துக்கு ஹப்போடு திருகும் மாறிவிட்டது என்று விளக்கினேன். அவர் இறுக்கவில்லை, இறுகியிருந்ததை அவிழ்த்துவிட்டிருக்கிறார். மூத்தார் நட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்பொ அந்த எழுத்த நீ ஏன் அழிக்கல?"

நியாயமான கேள்விதான். ஆனால் என்னிடமும் ஒன்று இருந்தது.

"நீங்க ஏன் மாமா என்னைக் கேக்கல? நான் உள்ளதானே இருந்தேன்."

அவர் விடவில்லை. "எப்டியோ, ஆடிச்சா இல்லியா? பேச்சு பேச்சுதான். சாவியக் குடு," என்று கையை நீட்டினார்.

"தர மாட்டேன் மாமா," என்றேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நேருக்கு நேர் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. வானம் இடிந்து விழவில்லை. நீட்டிய கையில் ஸ்பானரை வைத்தேன். "இறுக்கிக் குடுங்க. வலப்பக்கமா சுத்துங்க. பத்தரைக்கு எனக்கு கோர்ட்டு."

என்ன நினைத்தாரோ... வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். நான் சரிபார்த்தேன். மறுபடி கிளம்பினோம்.

அதற்கப்புறம் பின் சீட்டிலிருந்து சத்தமே இல்லை. கோபம் என்று நினைத்தேன். சிறு பாலங்கள், பள்ளங்கள், மழையில் அரித்த மண் ரோடு... எதற்கும் மூச்சில்லை. பெரியபாளையத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பினால், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

"தூங்கல. கண்ண மூடி அம்மன வேண்டிக்கினு இருந்தேன்," என்றார்.

புது சஸ்பென்ஷனுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யார் கொடுப்பார்கள்? அண்ணனையும் தம்பியையும் கோயிலில் இறக்கிவிட்டு நான் திருவள்ளூருக்குப் போனேன். என் கேஸைக் கூப்பிட்டபோது என் நாற்காலியில் நான் இருந்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பெண் ஒரு வேலையைச் செய்து முடித்தால், அதை இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்க யாராவது ஒருவர் ஸ்பானரோடு வந்துவிடுகிறார். நல்லெண்ணம்தான். அப்புறம் ஏதாவது ஆடினால் பழி மட்டும் அவள் தலையில். இது கார்களுக்கு மட்டும் நடக்கிறதா? உங்கள் வீட்டில், உங்கள் ஆபீஸில் சுற்றிப் பாருங்களேன்.

மூத்தாரும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை விற்பதாக இல்லை. டிக்கி மூடியில் இருந்த பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அதே இடத்தில், அதே சிவப்பு பெயின்டில், இன்னும் கொஞ்சம் பெரிதாகப் புதிதாக எழுதியிருக்கிறேன்:

'சந்தேகம் இருந்தால் ஓட்டுகிறவளைக் கேட்கவும்.'