பெரியவள் போட்ட பிரேக்

அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவளைப் பெரியவள் என்றார்கள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தவள் சின்னவள். பெரியவள் பை தைக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டினாள். சின்னவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஓடுகிற கார்தான் வீட்டில் இல்லை. ஆனாலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க சின்னவ கார் ஓட்டுவா" என்று மாமியார் சொல்லாத நாள் கிடையாது. பதினோரு வருஷமாகப் பொங்கிப் போட்டவளைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

மாமனாரின் பழைய கார் அவர் போன நாளிலிருந்து கொட்டகையில் தூசி தின்றுகொண்டிருந்தது. மாமியாருக்கு முழங்கால் மடங்காமல் போய், வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தபோது அதைத் தட்டி எழுப்பினார்கள். எஞ்சின் எப்படியோ உயிர் பெற்றது. பிரேக்கை மிதித்தால் மட்டும் பெடல் தரைக்குப் போய்விட்டது. வந்து பார்த்த மெக்கானிக், "ஒரு மாசம் ஆகும்" என்று கையை விரித்தார்.

சாவி அதற்குள் சின்னவள் கைக்குப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பிரேக்க நான் பாக்கறேன்" என்றாள்.

"பை தைக்கிற மாதிரின்னு நெனச்சியா?" என்றான் கணவன்.

காருக்குள்ளேயே கிடந்த படம் போட்ட புத்தகத்தை அவள் இரண்டு வாரம் படித்தாள். பிறகு சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே சட்டிபோல இருந்த டிரம் துருப்பிடித்து அசைய மறுத்தது. சுற்றிச் சுற்றி சுத்தியலால் தட்டி ஒரு ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். உள்ளே பிரேக் ஆயில் கசிந்து, டிரம்மை உரசி நிறுத்துகிற ஷூ என்னும் பட்டைகளெல்லாம் ஊறிப்போயிருந்தன. ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கத்தைத் தொடமாட்டாள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக்கொள்ள அது வேண்டும். முதல் தடவை புது ஷூக்களை முன்பின் மாற்றிப் போட்டுவிட்டு, யாரும் பார்க்குமுன் அவிழ்த்து மறுபடி மாட்டினாள். ஷூவைத் தள்ளுகிற சிலிண்டர்கள்தான் கசிந்தவை; அவற்றையும் தூக்கிக் கடாசிவிட்டுப் புதிது போட்டிருந்தாள்.

கடைசியில் குழாயில் நின்ற காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருத்தர் உள்ளே பெடலை மிதிக்கவேண்டும். வீட்டில் இருந்தவள் சின்னவள்தான்.

"மிதி. அப்படியே புடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் விடாத."

சக்கரத்துக்குப் பின்னால் காற்று விடுகிற நிப்பிளைப் பெரியவள் திறந்ததும் ஆயிலோடு குமிழி குமிழியாக வந்தது. இறுக்கினாள். "இப்ப விடு. மறுபடி மிதி."

குமிழி நின்ற பிறகும் பெரியவள் இன்னும் இருபது தடவை மிதிக்க வைத்தாள். சின்னவளுக்குக் கால் நடுங்கியது. "போதுமாக்கா?" என்று கேட்டாளே தவிர முகம் சுளிக்கவில்லை. அது பெரியவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடி ஒரு சுற்று சுற்றி வந்து சின்னவள் வாசலில் மாமியார் காலடிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள். கார் குலுங்காமல், ஒரு பக்கம் இழுக்காமல் நின்றது.

"சின்னவ கையில வண்டி எப்படி நிக்குது பாரு" என்றார் மாமியார்.

"நிக்கறது அக்கா வேலை, அத்தை. நான் மிதிச்சேன், அவ்வளவுதான்."

அவள் விட்டுக்கொடுக்காமலாவது இருந்திருந்தால் அவளைத் திட்டித் தீர்த்திருக்கலாம். பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னவள்தான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற டிரைவர்களிடம் ஊதிவிட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிரண்டு பழைய வண்டிகள் கொட்டகைக்கு வர ஆரம்பித்தன. "பிரேக் அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்தப் பெயர் மட்டும் தன்னுடையது என்று பெரியவளுக்கு ஓர் ஆறுதல்.

ஒருநாள் சின்னவள் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். "எனக்கும் கத்துக்குடுங்கக்கா."

பெரியவள் சக்கரம் கழற்றக் காட்டினாள். டிரம்மை எடுக்கக் காட்டினாள். ஷூ டிரம்மை உரசியும் உரசாமலும் இருக்கும்படி வைக்கிற, கைப்பக்குவமெல்லாம் அடங்கிய இடம் வந்ததும், "போய் ஒரு வாளி தண்ணி கொண்டாம்மா" என்றாள்.

அது அற்பத்தனம் என்று அவளுக்கே தெரியும். சின்னவள் வாளியோடு திரும்புவதற்குள் அந்த வேலையை முடித்துவிட்டிருந்தாள்.